புரட்டாசி மழைக்கு ஒரு கம்பு சூப் (கஞ்சி இல்ல, சூப்பு!)

புரட்டாசி பொறந்தா எங்க வீட்டுல மாசம் பூரா சைவம். பினாங்குல மழையும் அதே நேரம் பார்த்துதான் ஊத்தும், சாயங்காலம் வானம் கருத்துச்சுன்னா போதும், வீட்டுக்காரருக்கு சூப் காம்பிங் (ஆட்டுக்கறி சூப்) ஞாபகம் வந்துரும், சைவத்துல இருக்கோமேன்னு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, ஆனா சமையக்கட்டுப் பக்கம் ரெண்டு தடவ வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவாரு. அவருக்காக ஆரம்பிச்சதுதான் இது. மசாலா எல்லாம் அதே சூப் மசாலா, ஆட்டுக்கு பதிலா கம்பு, அவ்வளவுதான்.

மொத தடவ நான் பண்ண கூத்த சொல்லிடறேன். ஒரு கப் வரக கழுவி அப்படியே பானையில கொட்டி மூடிட்டு டிவி பார்க்கப் போயிட்டேன். வந்து பார்த்தா கரண்டிய நட்டு வச்சா நிக்குது. மாமியார் எட்டிப் பார்த்துட்டு "கஞ்சி நல்லாத்தான்மா வந்திருக்கு, ஊறுகா எடு"ன்னாங்க. சிறுதானியம் எல்லாமே தண்ணி குடிக்கிற சாமான், சூப்புக்குள்ளயே வேக விட்டா சூப்பையும் சேர்த்து குடிச்சிரும். அதனால தனியா வேக வச்சு கடைசியிலதான் சேர்க்கணும். இத மட்டும் மாத்தாதீங்க, மத்தது உங்க கைப்பக்குவம்.

ஏன் கம்புன்னா, வெந்தாலும் முழுசா நிக்கும், பல்லுல கடிபடும், பார்லி மாதிரி. தினை சீக்கிரம் கொழஞ்சிரும், அது வள்ளி முருகனுக்கு தேன்ல பிசைஞ்சு குடுத்த மாவாவே இருக்கட்டும். வரகு, சாமை சுமாரா நிக்கும். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுல இருந்து நம்ம லிட்டில் இந்தியா கடைங்கள்ல பாக்கெட் பாக்கெட்டா அடுக்கி வச்சிருக்காங்க, தேடி அலைய வேணாம். ஆனா கம்பு மாவா வாங்கி வச்சுக்காதீங்க, அதுல எண்ணெய்ச்சத்து இருக்கறதால நம்ம ஊரு சூட்டுக்கு சீக்கிரம் சிக்கு வாட அடிச்சு கசந்துரும். முழு கம்பா வாங்கி டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சிருங்க, வண்டும் வராது.

அரை கப் கம்பு 4 பேருக்கு தாராளம். மொதல்ல கல் அரிக்கணும், சோம்பல் படாதீங்க. ரெண்டு பாத்திரம் எடுத்து, தண்ணியோட கம்ப லேசா ஆட்டி ஆட்டி ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு சாய்ச்சா கம்பு தண்ணியோட போகும், கல்லு அடியில தங்கி கரகரன்னு சத்தம் கேக்கும். ராத்திரி ஊற வச்சு, மறுநாள் அந்த தண்ணிய கொட்டிட்டு, ஒண்ணரை கப் புதுத் தண்ணி, கொஞ்சம் உப்பு போட்டு குக்கர்ல 5, 6 விசில். ஒண்ணு எடுத்து கடிச்சுப் பாருங்க, நடுவுல வெள்ளையா மாவு தெரிஞ்சா இன்னும் ரெண்டு விசில் விடுங்க. வடிச்சு தனியா வச்சிருங்க.

இப்ப மசாலா. பட்டை, ஏலக்காய், கிராம்பு, அன்னாசிப்பூ நாலையும் மலாய்க்காரங்க ரெம்பா எம்பாட் செகாவான்னு சொல்லுவாங்க, நாலு கூட்டாளிங்க. பட்டை ஒரு விரல் நீளம், ஏலக்காய் 4, கிராம்பு 5, அன்னாசிப்பூ ரெண்டே ரெண்டு, அதுக்கு மேல போட்டா சீன மருந்துக்கடை வாசம் வந்துரும். இது நேரா எண்ணெயில போகுது. தனியா ஒரு துணி மூட்டை கட்டணும், மலாய்ல சூப் புஞ்சுட்னு (மூட்டை சூப்) சொல்றாங்களே அது இந்த மூட்டைய வச்சுத்தான். மல்லி ஒண்ணரை மேசைக்கரண்டி, சோம்பு ஒரு மேசைக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, ஜாதிக்காய் சின்னத் துண்டு ஒண்ணு. பினாங்குத் தீவுல இருக்கற பாலிக் பூலாவ் பக்கம் போனா ஜாதிக்காய் அங்கயே விளையறது கெடைக்கும், 18ஆம் நூற்றாண்டு கடைசியில கிழக்கிந்திய கம்பெனிக்காரன் இந்த தீவுல கொண்டாந்து நட்டது. வெறும் சட்டியில மல்லி வாசம் கெளம்பற வரைக்கும் வறுத்து ஒண்ணு ரெண்டா தட்டி துணியில கட்டுங்க. தூள் மசாலா போட்டா சூப் கலங்கி கொழம்பு மாதிரி ஆயிரும், அதுக்குத்தான் மூட்டை. நான் அப்பாவோட பழைய வேட்டிய கிழிச்சு வச்சிருக்கேன், சோப்பு போடாம வெந்நியில அலசி காய வச்சுக்குவேன்.

5 காஞ்ச சீன காளான வெந்நியில அரை மணி நேரம் ஊறப் போடுங்க, அந்த தண்ணிய கொட்டிடாதீங்க, கறி இல்லாத சூப்புக்கு கறி ருசி குடுக்கறதே அதுதான்.

பானையில 3 கரண்டி எண்ணெய், நாலு கூட்டாளிங்கள போட்டு பொரிய விட்டு, ரெண்டு பெரிய வெங்காயம் மெல்லிசா நறுக்கினத போடுங்க. இங்கதான் பொறுமை வேணும், 15 நிமிஷமாவது ஆகும், கண்ணாடியா ஆனதும் போதும்னு நிறுத்திடாதீங்க, ஓரமெல்லாம் பழுப்பாகி அடியில லேசா ஒட்ட ஆரம்பிக்கணும், அப்ப ஒரு கை தண்ணி தெளிச்சு சுரண்டி விட்டா சூப்புக்கு அந்த கலரு தானா வரும். அப்புறம் ரெண்டு விரல் இஞ்சியும் 6 பல் பூண்டும் தட்டிப் போட்டு பச்ச வாசம் போக வதக்கி, ஒரு தக்காளி, 3 மேசைக்கரண்டி மைசூர் பருப்பு, உருளைக்கிழங்கு ரெண்டு, கேரட் ஒண்ணு, காளான், காளான் தண்ணி, கூட ஒண்ணரை லிட்டர் தண்ணி, மசாலா மூட்டை, உப்பு. விரதத்துல வெங்காயம் பூண்டு சேர்க்காதவங்க காளானயும் தக்காளியயும் கூட்டிக்கோங்க, இஞ்சி ரெண்டு மடங்கு போடுங்க, அதுவும் நல்லாதான் இருக்கும், ஆனா அந்த பழுப்பு கலரு வராது.

சின்ன தீயில அரை மணி நேரம். பருப்பு கரைஞ்சு லேசா திக்காகும், மாவெல்லாம் கரைச்சு ஊத்த வேணாம். மூட்டைய எடுத்து கரண்டியால பானை ஓரத்துல வச்சு அழுத்திப் பிழிஞ்சிட்டு, வெந்த கம்ப போட்டு 5 நிமிஷம். எறக்கும்போது புதுசா இடிச்ச மிளகு அரை தேக்கரண்டி, டாவுன் சூப் (செலரி இலை), பவாங் கோரெங் (பொரிச்ச சின்ன வெங்காயம்) தூவுங்க.

இந்த சமயத்துல சீனவங்களுக்கும் ஒம்பது பேரரசர் சாமி திருவிழா வரும், மஞ்சக் கொடி கட்டின சைவக் கடைங்க தெருவுக்குத் தெரு இருக்கும், அங்க ஃபூ சோக் (காஞ்ச சோயாப்பால் ஏடு) வாங்கி ஊற வச்சு கடைசி 10 நிமிஷத்துல சேர்த்தா இன்னும் வயிறு நெறையும்.

தொட்டுக்க கிச்சாப்புல (சோயா சாஸ்) சிலி பாடி (காந்தாரி மாதிரி குட்டி மிளகா) வெட்டிப் போட்டு லிமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) பாதி பிழிஞ்சு வச்சிருங்க, இது இல்லாம சூப் குடிச்சா எங்க வீட்டுல சண்ட வரும். மறுநாளைக்கு வேணும்னா சூப்பையும் கம்பையும் கலக்காம தனித்தனி டப்பாவுல வைங்க, கலந்து வச்சா காலையில பார்க்கும்போது மறுபடியும் மாமியார் ஊறுகா கேப்பாங்க.