எம்.ஓ.டி.க்கு பைக்கை விடுவதற்கு முன்னால்

பிரிட்டனில் பைக்குக்கு 3 வயது முடிந்தால் வருடா வருடம் எம்.ஓ.டி. சோதனை, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை, கட்டாயம். இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று அங்கே பார்க்க மாட்டார்கள், பலர் மாட்டுவது சின்னச் சின்ன விஷயத்தில்தான்.

முதலில் விளக்குகள். சாவியைப் போட்டு ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் பாருங்கள், அப்புறம் கை பிரேக்கைத் தனியாகவும் கால் பிரேக்கைத் தனியாகவும் அழுத்தி இரண்டுக்கும் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் ஒன்றின் சுவிட்ச் செத்துப்போயிருந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பல்பு எரிந்தால் மட்டும் போதாது, ஹெட்லைட் வெளிச்சம் சரியான உயரத்தில் விழவேண்டும்.

டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 1 மி.மீ. ஆழம் இருக்கவேண்டும், அதுவும் அகலத்தில் முக்கால் பங்குக்கு, சுற்றிலும். நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறவர்களுக்கு நடுப்பகுதிதான் முதலில் மொட்டையாகும், ஓரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பிரேக் பேட், செயின் தொய்வு, ஹேண்டிலைத் திருப்பினால் எங்காவது இடிக்கிறதா, முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, இவை ஐந்து நிமிட வேலை.

அழகுக்காக மாற்றியவைதான் பெரிய தலைவலி: எழுத்து இடைவெளி மாறிய நம்பர் பிளேட், 'சாலைக்கு அல்ல' என்று முத்திரை குத்திய சைலன்சர். இரண்டும் தோல்விதான், வாதாடிப் பயனில்லை.

பழைய எம்.ஓ.டி.யின் கெடு முடிய ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போதே போனால் பழைய தேதி அப்படியே அடுத்த வருடத்துக்கும் நிற்கும், பழுது பார்க்கவும் நேரம் கிடைக்கும்.