கார்ன் லில்லி: பேரில் சோளம், வேர் முதல் பூ வரை விஷம்

கலிஃபோர்னியாவின் சியேரா நெவாடா மலையில் பனி உருகியதும், ஈரப் புல்வெளிச் சேற்றைப் பிளந்துகொண்டு கார்ன் லில்லியின் குருத்து வரும். சுருட்டிய வாழைக்குருத்து போல, பார்த்தாலே பறிக்கத் தோன்றும். முதல் தவறு அங்கேதான்.

அதே ஈரத்தில் காட்டு வெங்காயமும் வளர்கிறது. அதன் இலை ஒடுங்கி, தட்டையாக இருக்கும். கார்ன் லில்லி இலை அகலம். பாவாடைக் கொசுவம் மாதிரி நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெங்காயம் பறித்த விரலால் கசக்கினால் எந்த இலையும் வெங்காயமாகத்தான் மணக்கும். இலையைப் பாருங்கள்.

வேகவைத்தால் விஷம் போய்விடும் என்பதும் தப்புக் கணக்கு. இதே இனத்துச் செடிகளைச் சமைத்துச் சாப்பிட்டவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

ஆடு வளர்ப்பவர்கள் செய்யும் தவறுதான் எனக்கு மனசைப் பிசைகிறது. தாய் ஆடு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுவது. 1950களில் ஐடஹோ மாநிலத்துச் செம்மறி ஆட்டு மந்தைகளில் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. பரம்பரைக் கோளாறோ என்றுதான் முதலில் சந்தேகம். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பல வருடம் தேடி இந்தச் செடியைப் பிடித்தார்கள். சினை பிடித்த 14ஆம் நாளை ஒட்டித் தாய் இதை மேய்ந்தாலே போதும், குட்டியின் முகம் குலைந்துவிடும். சில நாள் தள்ளி மேய்ந்தால் கருவே அழியலாம், இரண்டு வாரம் தள்ளி மேய்ந்தால் காலும் வளையலாம். அதனால் கிடாவைப் பிரித்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் மந்தையை அந்தப் பக்கம் விடக்கூடாது.

காரணமான பொருளுக்குச் சைக்ளோபமைன் என்று பேர். கரு வளரும்போது செல்களுக்குள் போகும் ஒரு சமிக்ஞையை அது தடுத்துவிடுகிறது. அதே சமிக்ஞையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு, ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்காக 2012இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதைக் கேட்டுவிட்டு வேரை அரைத்துக் குடிக்கக் கிளம்பாதீர்கள். விஷம் அதிகம் இருப்பதே வேரில்தான்.

அப்புறம், தெரியாமல் தின்றுவிட்டால் ‘வாந்தி நின்றால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஆபத்தான அளவுக்கு இறங்கும். அமெரிக்காவில் இருந்தால் விஷ உதவி எண் 1-800-222-1222. மயக்கம் வந்தால் நேரே 911. மிச்சம் இருக்கும் இலையைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.