ரோத்தன்பர்க்கில் ஒரு பகல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், டவுபர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே மேட்டின் விளிம்பில் நிற்கும் ரோத்தன்பர்க், சுமார் 11,000 பேர் வாழும் சிறு நகரம். 1274 முதல் 1803 வரை எந்தச் சிற்றரசருக்கும் அடங்காமல், புனித ரோமானியப் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக அது இருந்தது. அக்காலத்து மதிலும் வாயில்களும் கோபுரங்களும் இன்றும் நகரைச் சூழ்ந்து நிற்பதால், நியூரம்பெர்க், வூர்ஸ்பர்க், மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட் ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் பயணிகள் வந்து மாலையில் திரும்புகிறார்கள். அவர்களில் பலர் "அழகான ஊர்தான், ஆனால் பொம்மைக் கடை போல இருக்கிறது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஊர் அன்று. ஆறு மணி நேரத்தை அவர்கள் எங்கே, எப்போது செலவிட்டார்கள் என்பதுதான்.

முதல் தவறு புறப்படுவதற்கு முன்பே நேர்ந்துவிடக்கூடும். ஜெர்மனியில் ரோட்டன்பர்க், ரொட்டன்பர்க், ரோத்தன்பர்க் என்று ஏறத்தாழ ஒரே ஒலியுள்ள ஊர்கள் பல உள்ளன. ஃபுல்டா ஆற்றங்கரையில் ஒன்று, நெக்கர் ஆற்றங்கரையில் ஒன்று, வடக்கே வ்யூம்மே ஆற்றங்கரையில் ஒன்று, போலந்து எல்லையை ஒட்டி ஒன்று. ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போது "ஓப் டேர் டவுபர்" என்ற பின்னொட்டோடு முழுப் பெயரையும் சரிபார்க்க வேண்டும். இந்த ஊருக்குப் பெருநகரங்களிலிருந்து நேரடி ரயில் இல்லை என்பதும் பலருக்கு வழியில்தான் தெரிய வருகிறது. வூர்ஸ்பர்க்கையும் அன்ஸ்பாக்கையும் இணைக்கும் பாதையிலுள்ள ஷ்டைனாக் என்ற சிறு நிலையத்தில் இறங்கி, கால் மணி நேரத்துக்குள் ஊரைச் சேர்க்கும் கிளைப்பாதை ரயிலில் ஏற வேண்டும். முதல் ரயில் தாமதமானால் கிளை ரயில் போய்விடக்கூடும்; அடுத்ததற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க நேரிடும். திரும்பும்போதும் இதே நிலைதான். அன்றிரவே விமானம் ஏற வேண்டியவர்கள் ஷ்டைனாக்கை நம்பித் தம் நேரத்தைக் கடைசி நிமிடம் வரை இழுத்துவைப்பது அறிவுடைமையாகாது.

பவேரியா முழுவதற்குமான ஒருநாள் சீட்டு மலிவானது, ஐந்து பேர் வரை சேர்ந்து பயணம் செய்யலாம் என்பதால் பலரும் அதையே வாங்குகிறார்கள். வார நாட்களில் அது காலை ஒன்பது மணிக்குப் பிறகே செல்லும் என்பதையும், அதிவேக ரயில்களில் செல்லாது என்பதையும், ஹெஸ்ஸன் மாநிலத்திலுள்ள ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அதை வைத்துக்கொண்டு புறப்பட முடியாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் மியூனிக்கில் ஏறி வட்டார ரயில்களில் மாறி மாறி வருபவர் நண்பகலுக்குத்தான் ஊரை அடைவார். நியூரம்பெர்க்கில் தங்கியிருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ரோத்தன்பர்க் அந்நகரின் வட்டாரப் போக்குவரத்துக் கூட்டமைப்பின் எல்லைக்குள் வருவதால், அக்கூட்டமைப்பின் நாள் சீட்டே போதுமானது. என்னைக் கேட்டால், மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்புவதைவிட, ஓர் இரவேனும் நியூரம்பெர்க்கிலோ வூர்ஸ்பர்க்கிலோ தங்கிப் புறப்படுவதே மேல்.

சுற்றுலாப் பேருந்துகளில் வருவோர் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை ஊரை நிறைக்கிறார்கள். ஆனால் அவர்கள் நிறைப்பது முழு ஊரையும் அன்று. சந்தைச் சதுக்கத்திலிருந்து தெற்கே, சாலை இரண்டாகப் பிரியுமிடத்தில் மஞ்சள் வீடு ஒன்று நிற்கும் ப்ளோன்லைன் வரையிலான ஒரே தெருவைத்தான். அந்தத் தெருவில் நண்பகலில் நின்று படமெடுக்க முயல்வது வீண். காலையில் வந்து சேர்ந்தவுடன் ப்ளோன்லைனைப் பார்த்துவிட்டு, கூட்டம் சேரும் வேளையில் மதில்மேல் ஏறிவிடுவதே சரியான வரிசை. ஓட்டுக்கூரை வேய்ந்த அந்த மதில் நடைபாதையில் சுமார் 2.5 கிலோமீட்டர் தூரம் கட்டணமின்றி நடக்கலாம். பாதை குறுகலானது, தலை இடிக்குமளவு தாழ்ந்த உத்தரங்களும் உண்டு. சிறு குழந்தைகளைக் கைப்பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும்.

மதிலின் கிழக்குப் பகுதியில் நடக்கும்போது கற்களில் பெயர்களும் நாடுகளும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பலர் அவற்றை விளம்பரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இந்த ஊரைப் பார்க்க வருவோர் செய்யும் பெரிய தவறு, கண்ணில் படுவதெல்லாம் இடைக்காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது என்று நம்புவதுதான். 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் பழைய நகரின் சுமார் 40 விழுக்காடு, குறிப்பாகக் கிழக்குப் பகுதி, எரிந்து அழிந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளும் பல கோபுரங்களும் மதிலின் நீண்ட பகுதியும் விழுந்தன. உலகின் பல நாடுகளிலிருந்து வந்த நன்கொடையால் மதில் மீண்டும் கட்டப்பட்டது; அந்தக் கற்களில் உள்ளவை அவ்வாறு பணம் கொடுத்தவர்களின் பெயர்கள். எஞ்சியதும் தற்செயலாகவே தப்பியது. அமெரிக்கப் போர்த்துறையின் துணைச் செயலராக இருந்த ஜான் மெக்லாய், தம் தாய் வழியாக இந்த ஊரை அறிந்திருந்ததால், பீரங்கித் தாக்குதலைத் தவிர்த்துப் பேச்சுவார்த்தையால் அதைப் பெற வழி செய்தார்.

அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஊர் மாறாமல் இருந்ததற்குக் காரணம் பெருமிதம் அன்று, வறுமை. மத்திய ஐரோப்பாவைச் சீரழித்த முப்பதாண்டுப் போருக்குப் (1618–1648) பின் வணிகம் தேய்ந்து, பழையதை இடித்துப் புதியதைக் கட்டப் பணமில்லாமல் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் அந்தப் பழமையைத் தேடி வரத் தொடங்கிய பிறகே, பாதுகாப்பதில் ஆதாயம் உண்டு என்று ஊர் உணர்ந்தது. நாஜிகளும் இதையே 'உண்மையான ஜெர்மன் ஊர்' என்று கொண்டாடினார்கள். இங்கு எஞ்சியிருந்த யூதர்கள் 1938 அக்டோபரிலேயே விரட்டப்பட்டனர். அழகை மட்டும் பார்த்துத் திரும்புவோர் இந்தக் கதையைத் தவறவிடுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தலைசிறந்த யூத அறிஞர்களுள் ஒருவரான மெயிர் பென் பரூக் பல்லாண்டுகள் கற்பித்த ஊர் இது. 1286இல் சிறைப்பிடிக்கப்பட்ட அவர் 1293இல் காவலிலேயே இறந்தார்; அவரது உடல் பணம் கொடுத்து மீட்கப்பட்டது 1307இல்தான். பிற்காலத்தில் யூதர்கள் வாழ்ந்து, 1520இல் வெளியேற்றப்பட்ட யூடன்காஸ என்னும் தெரு இன்றும் பழைய வீடுகளோடு இருக்கிறது. சந்தைச் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைதான். நண்பகலிலும் அங்கே கூட்டமில்லை.

புனித யாக்கோபு தேவாலயத்தில் நடக்கும் தவறு வேறு வகையானது. நுழைவுக் கட்டணம் செலுத்தி உள்ளே செல்வோர், கிழக்குக் கோடியில் பொன்னிறமாக நிற்கும் பெரிய பீடத்தைப் பார்த்துவிட்டு, மரச்சிற்பி ரீமன்ஷ்னைடரின் புகழ்பெற்ற படைப்பு அதுதான் என்று எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். அது 1466ஆம் ஆண்டுப் பீடம். அதன் பின்புற ஓவியத்தில் அன்றைய சந்தைச் சதுக்கம் தீட்டப்பட்டிருப்பதால் அதுவும் பார்க்கத்தக்கதே. ஆனால் டில்மன் ரீமன்ஷ்னைடர் 1505 வாக்கில் முடித்த திரு இரத்தப் பீடம் மேற்குக் கோடியில், படியேறிச் செல்ல வேண்டிய மாடத்தில் இருக்கிறது; அந்த மாடத்துக்கு அடியில் ஒரு தெருவே செல்கிறது. வண்ணம் பூசாத லிண்டன் மரத்தில் செதுக்கிய, இயேசுவின் கடைசி இராப்போசனக் காட்சியில், நடுவில் நிற்பவன் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். பின்னாலுள்ள சிறு சாளரங்கள் வழியாக ஒளி வந்து முகங்களின் மேல் படுவதைக் காண, அவசரமில்லாத அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பகல் முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியுமென்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

சந்தைச் சதுக்கத்தின் கடிகாரத்துக்காகத் திட்டத்தை வளைக்க வேண்டியதில்லை. 1631இல் ஊரைப் பிடித்த தளபதி டில்லியிடமிருந்து அதைக் காப்பாற்ற, நகரத் தலைவர் நூஷ் 3.25 லிட்டர் மதுவை ஒரே மூச்சில் குடித்தார் என்ற கதையை, மணிக்கு மணி சாளரம் திறந்து இரு பொம்மைகள் நடித்துக் காட்டுகின்றன. அது கதைதான், வரலாறு அன்று. 1881 முதல் நாடகமாக நடிக்கப்படுகிறது. ஷ்னேபாலன் என்னும் உருண்டைப் பலகாரமும் அப்படியே, பார்ப்பதற்கு இருக்கும் கவர்ச்சி வாயில் இல்லை. மாவில் முட்டையும் பெரும்பாலும் சிறிது மதுவும் சேர்வதால், இவற்றைத் தவிர்ப்போர் கேட்டு வாங்குவது நல்லது. நகர மன்றக் கோபுரத்தின் 220 படிகள் கடைசியில் ஏணியளவு குறுகுவதால், முழங்கால் வலி உள்ளவர்கள் மேற்கே உள்ள கோட்டைத் தோட்டத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்தாலே போதும். அங்கிருந்த கோட்டை 1356 நிலநடுக்கத்துக்குப் பின் கைவிடப்பட்டது.

ரோத்தன்பர்க்கோடு, இதேபோல் மதில் சூழ்ந்த டிங்கல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் ஆகிய நகரங்களையும் ஒரே நாளில் சேர்த்துவிடத் திட்டமிடுவோரும் உண்டு. சொந்த வண்டி இல்லாமல் இது நடவாது. அதற்குப் பதிலாக அந்த நேரத்தில் கோட்டைத் தோட்டத்தின் அருகிலிருந்து இறங்கி, இரட்டை அடுக்குப் பாலத்தைக் கடந்து, ஆற்றோரமாக டெட்வாங் சிற்றூருக்கு நடந்து போனால், அங்குள்ள சிறு தேவாலயத்தில் ரீமன்ஷ்னைடரின் இன்னொரு பீடத்தைப் பார்க்கலாம். திரும்பும் வழி ஏற்றம் என்பதால் ரயில் நேரத்துக்கு ஒரு மணி நேரமாவது முன்பு புறப்பட வேண்டும். நிலையம் மதிலுக்கு வெளியே, கிழக்கு வாயிலிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ளது. குளிர்காலத்தில் அருங்காட்சியகங்களின் நேரம் குறைகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை உணவகங்கள் பல விடுமுறையில் மூடிக் கிடக்கும். கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் டிசம்பர் வார இறுதிகளில் ஊர் நிரம்பி வழியும் என்பதால், அப்போது போக வேண்டுமென்றால் வார நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.