மினுக்கி வைத்த பட்டடையை நம்பாதீர்கள்

திருகோணமலையில், கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் பழைய பட்டடை ஒன்று விலைக்கு வந்தால் கூடவே ஒரு கதையும் வரும்: "இது டொக்யார்ட் சாமான், வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போனது." 1957இல் பிரிட்டிஷ் கடற்படை இங்குள்ள தளத்தைக் கையளித்தது உண்மைதான். பக்கத்தில் அரச சொத்துக்குக் குத்தும் அம்புக்குறி இருந்தால் கதையை நம்பவும் செய்யலாம். ஆனால் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். பட்டடையின் பெறுமதி அதன் முகத்தில், அதாவது அடி விழும் மேற்பரப்பில். பழைய ஆங்கிலேயப் பட்டடைகளுக்கு உடல் மெதுவான தேனிரும்பு. மேலே ஏறக்குறைய அரை அங்குல உருக்குத் தகட்டை உலையில் காய்ச்சி ஒட்டி, கடினப்படுத்தியிருப்பார்கள். அடி தாங்குவது அந்தத் தகடுதான்.

அதனால் கிறைண்டர் போட்டு மினுக்கிய முகத்தைக் கண்டால் நான் பின்வாங்குவேன். எவ்வளவு தகட்டைத் தேய்த்துவிட்டார்கள் என்று வெளியே தெரியாது. பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பித் தேய்த்திருந்தால், அந்தச் சூட்டில் சுற்றுவட்டாரமே மெதுவாகிப் போயிருக்கலாம். எரிந்த பட்டறையிலிருந்து வந்ததற்கும் இதே சந்தேகம் உண்டு.

மறுபக்கம், துருவைப் பார்த்து நல்ல பட்டடையை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த உப்புக் காற்றில் துருப்பிடிக்காத இரும்பு ஏது? கம்பி பிறஷ் போட்டால் போகிற துரு ஒரு பொருட்டல்ல. முகத்தில் குழி குழியாக அரித்திருந்தால் மட்டும் யோசியுங்கள். அந்தக் குழி அடிக்கிற கத்தியிலும் பதியும். விளிம்பு கொஞ்சம் உடைந்திருப்பதும், நடு சற்றே பதிந்திருப்பதும் உழைத்த பட்டடைக்கு இயல்பு. ஆனால் தகட்டுக்கும் உடலுக்கும் இடையில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் வேண்டாம்.

சோதனைக்குச் சுத்தியலால் முகத்தில் ஓங்கி அடிக்காதீர்கள். விளிம்பு சிதறும், விற்கிறவருக்கும் மனம் நோகும், ஆயுத பூசைக்குச் சந்தனம் வைத்த சாமான் அது. பெரிய பெயாரிங் குண்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். பக்கத்தில் அடிமட்டத்தை நிறுத்தி 10 அங்குல உயரத்திலிருந்து விடுங்கள். 7, 8 அங்குலம் திரும்பி எழும்பினால் நல்ல முகம். 3, 4 அங்குலத்தோடு சோர்ந்தால் வார்ப்பிரும்பு, அல்லது சூட்டில் கெட்டது. முகம் முழுக்க இடம் மாற்றி விட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் அங்கே தகடு விட்டிருக்கக்கூடும். கொம்புக்கும் (கூம்பிய முனை) முகத்துக்கும் நடுவே உள்ள படியில் குண்டை விட்டுப் பார்த்து "இது சரியில்லை" என்று திரும்புகிறவர்களும் உண்டு. உளி வைத்து வெட்டுவதற்காக அந்தப் படியை மெதுவாகவே விட்டிருப்பார்கள்.

கணீரென்ற ஓசையை மட்டும் நம்பவும் கூடாது. மரக்குற்றியில் இறுக்கிக் கட்டிய பட்டடை ஊமையாகத்தான் கேட்கும். வார்ப்பு உடலில் உருக்கு முகம் வைத்த நல்ல பட்டடைகளும் ஒலிப்பதில்லை.

அடுத்தது எடை. பக்கத்தில் 1 2 14 என்று குத்தியிருந்தால் அதைக் கிலோ என்று வாசித்து விலை சொல்வார்கள். அது அந்தர்க் கணக்கு: முதல் இலக்கம் அந்தர் (112 றாத்தல்), இரண்டாவது கால் அந்தர் (28 றாத்தல்), மூன்றாவது மிச்ச றாத்தல். ஆக 112 + 56 + 14 = 182 றாத்தல், அதாவது 83 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நடு எண் 3ஐயோ கடைசி எண் 27ஐயோ தாண்டினால் அது அந்தர்க் கணக்கே அல்ல. இலக்கம் மங்கியிருந்தால் வெண்கட்டியைத் தேய்த்துப் பாருங்கள், எழும்பி வரும்.

விலை ஒத்துவரவில்லையா? கத்தி, அரிவாள் அடிக்க மட்டும் என்றால் தண்டவாளத் துண்டே போதும். படுக்க வைத்தால் துள்ளும். நிமிர்த்தி நட்டு வெட்டுமுகத்தில் அடியுங்கள், முழு எடையும் அடிக்குக் கீழே இருக்கும். தண்டவாளம் ரயில்வே சொத்து என்பதால் அந்தத் துண்டு எப்படி வந்தது என்று கேட்டு, பற்றுச்சீட்டோடு வாங்குங்கள்.