தோட்டத்தில் ஆவணப்படம் காட்டப் போகிறீர்களா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன், பண்டாரவளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஆவணப்படம் திரையிட விரும்பும் தம்பி, தங்கைகளே, பரிசு பெற்றது என்பதற்காக மட்டும் ஒரு படத்தைத் தெரிவு செய்யாதீர்கள். பார்ப்பவரின் வாழ்க்கையைத் தொட வேண்டும். பார்பரா கோப்பிளின் ‘ஹார்லன் கவுன்டி யூ.எஸ்.ஏ.’ (1976) என் முதல் தெரிவு. அமெரிக்காவின் கென்டக்கி மாநில நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1973இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தைக் காட்டும் படம் அது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள், மறியலில் முன்னால் நிற்கும் பெண்கள்: கொழுந்து பறிக்கும் நம் அக்காமாருக்கு இதை யாரும் விளக்கவே வேண்டியதில்லை!

மொழிதான் தடை. தமிழ் வசனவரி கிடைக்காவிட்டால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி, ஒருவர் தமிழில் சொல்லட்டும். அந்த இடைவெளியில்தான் பேச்சு பிறக்கும். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அங்கே போன உறவுகளைப் பற்றிப் பெரியவர்கள் பேசத் தொடங்கிவிட்டால், மீதிப் படத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் கேட்டு, அவர்கள் குரலைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒன்றும் கேட்காது. தனி ஒலிபெருக்கி கட்டாயம். பெண்கள் வர வேண்டுமானால் ஞாயிறு பிற்பகலில், இரவுச் சமையலுக்கு முன் முடியும்படி வையுங்கள். வெளிச்சத்தை மறைக்க ஜன்னலில் சாக்கைக் கட்டினால் போதும்.