வீட்டு முற்றத்தில் பிளைவுட் பாய்வள்ளம்: தைத்து ஒட்டும் முறை

கயிற்றால் பலகை தைத்து வள்ளம் கட்டிய கரை நம்முடையது என்பதால், பிளைவுட்டைச் செம்புக் கம்பியால் தைத்து எபாக்சியால் ஒட்டும் முறை குமரி மாவட்டத்தாருக்குப் புதிதாகத் தோன்றாது. ஆனால் தைத்த வள்ளத்தில் பாரம் தாங்குவது கயிறு. இதில் கம்பி பசை இறுகும் வரைக்கும் மட்டுமே, பாரம் முழுவதையும் தாங்குவது மூட்டுதான்.

ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள 6 மி.மீ. மரைன் பிளைவுட்டையே வாங்க வேண்டும். முத்திரையை மட்டும் நம்பாமல், உள்ளங்கையளவு துண்டு ஒன்றைச் சில மணி நேரம் கொதிக்க வைத்து, ஓரத்தில் கத்தியைச் செருகிப் பாருங்கள். ஒருமுறை நான் வாங்கிய பலகையின் துண்டு மூன்றாம் மணி நேரத்திலேயே அடுக்கடுக்காய்ப் பிரிந்துபோனது.

பலகையின் நீளம் 8 அடிதான் என்பதால், 12 அடி வள்ளத்துக்கு இரண்டை முனையோடு முனை சேர்க்க வேண்டியிருக்கும். கனத்தைப் போல் எட்டு மடங்கு, அதாவது 48 மி.மீ. அகலத்துக்கு, முனைகளைச் சரிவாகச் சீவ வேண்டும். ஒரு பலகையின் மேல் மற்றொன்றை 48 மி.மீ. உள்ளே தள்ளி அடுக்கி, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் இழைப்புளியால் இழைத்தால், பிளைவுட்டின் அடுக்குகள் வரிவரியாகத் தெரியவரும். வரி நேராக ஓடினால் சரிவு சரி, வளைந்தால் அந்த இடத்தில் மேடோ பள்ளமோ இருக்கிறது. முதலில் வெறும் எபாக்சியைத் தடவி மரம் குடிக்கவிட்டு, பிறகு மென்மையான மரத்தூள் கலந்ததைப் பூசிச் சேர்க்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும்.

பக்கப் பலகைகள் இரண்டையும் சேர்த்து வெட்டி, ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, 15 செ.மீ. இடைவெளியில் துளையிட்டு, கம்பிகளைத் தளர்வாகவே முறுக்கிக்கொள்ளுங்கள். அணியத்திலிருந்து (முன்முனை) அமரத்தின் (பின்முனை) நடுவுக்கு நூல் பிடித்து, மூலைவிட்ட அளவுகள் இருபுறமும் ஒத்துவந்த பிறகே இறுக்க வேண்டும், ஏனெனில் பசை இறுகிய பின் கோணலை எடுக்க வழியில்லை. கம்பிகளுக்கு இடையே முதலில் ஒட்டி, காய்ந்ததும் கம்பிகளைக் கழற்றி, மூட்டு முழுவதும் பசையை நிரப்பி, கரண்டியின் முதுகால் வழவழப்பாக இழுத்துவிட்டு, அதன்மேல் 75 மி.மீ. கண்ணாடியிழை நாடாவை இரண்டு அடுக்காகப் பதிக்கலாம்.

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஒட்டும் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்வது நல்லது. ஈரக்காற்றில் இறுகிய எபாக்சியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். அதை நீர்விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். வெயில் எபாக்சியைக் கெடுக்கும் என்பதால் பெயின்ட் கட்டாயம். ஆனால் அதற்கு முன் உள்ளே சில குடம் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டு, வெளியே கசிந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.