நாளிதழின் அணை நிலவரத்தைக் கொண்டு வைகையின் மின் உற்பத்தியைக் கணக்கிடும் முறை

ஆண்டிபட்டி அருகே வைகை அணையின் அடிவாரத்தில், தலா 3 மெகாவாட் திறனுள்ள இரண்டு இயந்திரங்களுடன் ஒரு சிறு புனல் மின்நிலையம் உள்ளது. அணையின் நீர்மட்டமும் நீர் வெளியேற்றமும் நாளிதழ்களில் வெளிவருவதால், அன்று அங்கே ஏறத்தாழ எவ்வளவு மின்சாரம் கிடைக்கக்கூடும் என்பதை எவரும் வீட்டிலிருந்தே கணக்கிடலாம்.

முதலில், விநாடிக்கு எத்தனை கனஅடி நீர் திறக்கப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்துத் தேவைப்படுவது நீர் விழும் உயரம். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். நீர்மட்டம் 60 அடி என்று செய்தி வந்தால், நீர் 60 அடி உயரத்திலிருந்து விழுகிறது என்று பொருளில்லை. சுழலியை (நீரின் வேகத்தால் சுழலும் டர்பைனை) கடந்து மின்நிலையத்தின் பின்புறம் நுரைத்து வெளியேறும் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதையும், குழாய்க்குள் உராய்வால் இழக்கும் உயரத்தையும் கழித்த பிறகு எஞ்சுவதே நமக்கு உரிய உயரம்.

இனி, கனஅடியை உயரத்தால் பெருக்கி 15 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். விநாடிக்கு ஒரு கனஅடி நீர் ஓர் அடி விழும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 0.085 கிலோவாட்; அதில் 80 விழுக்காடு மின்சாரமாக மாறுவதாகக் கொண்டதால் வந்ததே இந்த 15.

எடுத்துக்காட்டாக, இருபோக நிலங்களுக்கு 900 கனஅடி திறக்கப்பட்டு, நிகர உயரம் 50 அடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 45,000 ஐ 15 ஆல் வகுக்க 3,000 கிலோவாட் வரும். ஒரு நாள் முழுவதும் ஓடினால் 72,000 யூனிட்.

குடிநீருக்காக மட்டும் எழுபது கனஅடி அளவில் நீர் செல்லும் நாள்களில் இந்த வாய்பாட்டை நம்பாதீர்கள். அத்தனை குறைந்த நீரில் பெரிய சுழலி சரிவர இயங்காது. வெள்ளக் காலத்தில் நிலைமை நேர்மாறானது. நீர்மட்டம் 69 அடியை எட்டி மூன்றாம் வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டு, மதகுகள் வழியே ஆற்றில் பாயும் உபரிநீர் ஒரு யூனிட்டைக்கூடத் தராது என்பதால், விடை எவ்வளவு பெரிதாக வந்தாலும் 6,000 கிலோவாட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பருவம் முழுவதற்கும் கணக்கிட விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பாசன அணை. பயிருக்காகத் திறக்கும் நீரே போகும் வழியில் இயந்திரத்தைச் சுழற்றுகிறது, மழை குறைந்த இந்தப் பகுதியில் அதுவே முறை. முதல் போகத்துக்கு 120 நாள் என அறிவித்தாலும், வழக்கமாக முதல் 45 நாள் தொடர்ச்சியாகவும் எஞ்சிய 75 நாள் முறை வைத்தும், அதாவது சில நாள் திறந்து சில நாள் அடைத்தும், நீர் விடுவார்கள். ஆகவே நாள்களை மொத்தமாகப் பெருக்காமல், அடைப்பு நாள்களைக் கழித்துவிட்டு, வாய்க்காலில் நீர் ஓடிய நாள்களை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.